முப்பத்தேழாவது வரி

ஜூன் 3

டேய் தம்பி,

முதல்ல ஒண்ணை ஒத்துக்குறேன். சிரிக்காம படி. எங்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல நீ அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டாந்து வச்சு மூணு மாசம் ஆச்சு. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அதுக்குள்ள போகத் தெரியுது, வெளிய வரத் தெரியல. சாயங்காலம் வேலை முடிஞ்சதும் யாரும் பாக்காத நேரமா சுவத்துல இருக்குற ப்ளக்கைப் பிடுங்கிட்டு வீட்டுக்குப் போயிடறேன். போன வாரம் அவசரத்துல பக்கத்து ப்ளக்கைப் பிடுங்கிட்டேன். வாஷிங் மெஷின் நின்னு போச்சு. உள்ள நாப்பது படுக்கை விரிப்பு, நுரையும் தண்ணியுமா. சூப்பர்வைசர் ஓடி வந்து என்ன ஆச்சுன்னு கேட்டார். எலின்னு சொன்னேன். பொறி வச்சிருக்கார். தினம் காலையில குனிஞ்சு குனிஞ்சு பாக்குறார். முதுகுவலிக்காரர், பாவமா இருக்கு.

உன்கிட்ட பேச மாட்டேன்னு சொன்னது சொன்னதுதான். எழுத மாட்டேன்னு நான் சொல்லவே இல்ல, உங்க மாமாதான் சாட்சி. மார்ச் மாசம் மெஷினை மாட்ட வந்தப்போ என்ன பண்ணினே? கூடத்துல பதிமூணு பொம்பளைங்க நிக்கிறாங்க. நான் ஆசையா ஸ்க்ரீனைத் தொடறேன். என் கையை எடுத்து ஓரமா வச்சுட்டு, "விடு அக்கா, நீ இதெல்லாம் கத்துக்க வேண்டாம்"னு சொன்னே. அஞ்சாம் கிளாஸ்காரிக்கு இது எதுக்குன்னுதானே அர்த்தம்? மூஞ்சியை எங்க வச்சுக்கறதுன்னு தெரியாம ஈர விரிப்புக்குள்ள வச்சுக்கிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எனக்குப் பக்கத்து மேஜையில துணி மடிக்கிறாளே, நாங்க மடிப்புன்னே கூப்பிடுவோம், அவ ஸ்க்ரீனைத் திறந்தா இடது பக்கம் நாலு வரி வருது. அழுக்கு வந்தது, சுத்தம் போனது, கிழிசல், கடைசியா ஏதோ ஒண்ணு. அந்தக் கடைசி வரியைத் தட்டிட்டு ஜம்முனு எழுந்து போயிடறா. மத்தவங்களுக்கும் அதே நாலுதான், நான் எட்டி எட்டிப் பாத்துட்டேன். நான் என் நம்பர் 417-ஐப் போட்டுத் திறந்தா ரேஷன் வரிசை மாதிரி வந்துக்கிட்டே இருக்கு! முப்பத்தாறு வரை எண்ணினேன், அதோட ஸ்க்ரீன் முடிஞ்சு போச்சு. ஒண்ணைத் தொட்டா அதோட வயித்துலேருந்து இன்னும் நாலு குட்டி வருது. ஆம்புலன்ஸ் டீசல், ஆபரேஷன் நேரம், பிணவறைச் சாவி. பிணவறைச் சாவியோட எனக்கு என்னடா வேலை?

கோபத்துல திட்டிக்கிட்டே இதைப் பண்ணினியா, பாசத்துல பண்ணினியா, எனக்குத் தெரியல. அக்கான்னு சொல்லிக் கொஞ்சம் தாராளமா போட்டுட்டியோன்னு நினைச்சு நானும் மூணு மாசமா டீ நேரத்துல ஒவ்வொண்ணா தட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு எலும்பு டாக்டர் நாலு நாள் லீவு கேட்டிருந்தார். பாவம், கேட்டுப் பத்து நாளாச்சு, யாரும் பதில் சொல்லல. நான் குடுத்துட்டேன்.

வெளிய வர்ற வழி எங்க இருக்குன்னு மட்டும் எழுது. வேற எதையும் எழுதாத, நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்.

உன் அக்கா

*

ஜூன் 8

அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தேன். டாக்டர் லீவு வந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரர், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பதினொரு முறை போன் செய்தேன். எடுக்கிறாய், மூச்சு கேட்கிறது, பேச மாட்டேன் என்கிறாய். என்னாலும் இங்கே உரக்கப் பேச முடியாது. எல்லாரும் ஒரே அறையில் இருக்கிறோம்.

நடந்தது இதுதான். முன்பெல்லாம் ஒவ்வொரு பக்கத்திலும் மெனுவை நேரடியாக எழுதி வைப்போம். எல்லாருக்கும் ஒரே மெனு. உங்கள் ஆஸ்பத்திரிக்கு நான் வடிவமைத்தது அப்படியல்ல. ஒருவர் நம்பரைப் போட்டு உள்ளே வந்தவுடன், இவர் யார், எந்தப் பிரிவு, எதைப் பார்க்க அனுமதி உண்டு என்று ஒரு அட்டவணையைக் கேட்டு, அவருக்கான வரிகளை மட்டும் பொறுக்கியெடுத்து, அந்த நொடியில் மெனுவைக் கட்டித் தரும். டாக்டருக்கு ஒரு மெனு, நர்சுக்கு ஒரு மெனு, சலவைக்கூடத்துக்கு நான்கு வரி மெனு.

இதைச் சோதித்துப் பார்க்க எல்லாப் பிரிவையும் சேர்த்துப் போட்ட ஒரு பொய் ஆள் தேவைப்பட்டது. அவருக்கு ஒரு நம்பர் வேண்டும். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் உன் ஏப்ரனில் தைத்திருக்கும் 417. அதைப் போட்டேன். வேலை முடிந்ததும் அழிக்க மறந்துவிட்டேன். பிறகு ஆஸ்பத்திரி அனுப்பிய உண்மையான பட்டியல் ஏறியபோது, 417-க்குச் சலவைப் பிரிவும் கூடச் சேர்ந்துகொண்டது. பழையது போகவில்லை.

இதை யாருக்கும் தெரியாமல் நான் சரிசெய்ய வேண்டும். ஆஸ்பத்திரி சிஸ்டத்தில் நினைத்தபோதெல்லாம் கை வைக்க முடியாது. பதினெட்டாம் தேதி புது மாற்றங்களை ஏற்றுகிறோம். அதோடு சேர்த்து எடுத்துவிடுவேன். அதுவரை தயவுசெய்து எதையும் தட்டாதே. டாக்டர்களுக்கு எதையும் கொடுக்காதே.

நீ கேட்ட வழி: மெனுவில் மொத்தம் முப்பத்தெட்டு வரி. விரலை வைத்து மேலே தள்ளினால் மிச்சம் இரண்டும் வரும். கடைசியில் இருப்பது 'வெளியேறு'. அதைத் தட்டு. அதற்கு நேர் மேலே உள்ள முப்பத்தேழாவது வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் தொட்டுவிடாதே.

மார்ச் மாதம் சொன்னதைப் பற்றி எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அது நீ நினைக்கிற அர்த்தத்தில் சொன்னதல்ல.

தம்பி

*

ஜூன் 12

தம்பி,

உனக்கு மூளை இருக்கா? முப்பத்தேழுன்னு ஒரு வரி இருக்குறதே எனக்குத் தெரியாது. நீ எழுதித்தான் தெரியும். தொடாதேன்னு ஒரு பொம்பளைக்கு எழுதிப் போட்டா அவ என்ன பண்ணுவா? கடுதாசியை மடிச்சு இடுப்புல சொருகிட்டு நேரா போய்த் தொட்டேன்.

டீ நேரம். கூடத்துல யாரும் இல்ல. மெஷின் வேற ஓடிக்கிட்டு இருந்துச்சு. உனக்குத்தான் தெரியுமே, எனக்கு எதையும் வாய்விட்டுப் படிச்சாத்தான் மண்டையில ஏறும். எழுத்துக் கூட்டிப் படிச்சேன். "சலவைப் பிரிவு மூடல்." படிச்சுட்டு, ஏதோ ராத்திரி கதவு மூடற கணக்குன்னு நினைச்சேன்டா. அவ்வளவு வெகுளி உன் அக்கா.

தட்டினேன். ஆகஸ்ட் 31 கடைசி நாள். செப்டம்பர் ஒண்ணுலேருந்து துணியெல்லாம் வெளிக் கம்பெனி லாரியில போகும். கீழ பதினாலு நம்பர். ஒவ்வொரு நம்பருக்கும் எதிர்ல 'பணி முடிவு'. நம்பரை ஒவ்வொண்ணா படிச்சேன். 402, மடிப்பு. 409, இஸ்திரிக்காரம்மா, அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகற வரைக்கும் எப்படியாவது ஓட்டணும்னு காலைத் தடவிக்கிட்டு நிக்கிறவங்க. 411, நாலு மாசக் கர்ப்பம். ஆறாவதா 417. என் நம்பர். என் ஏப்ரன்ல நானே தைச்ச நம்பர்.

மெஷின் சுத்தறது நின்ன மாதிரி ஒரு அமைதி. ப்ளக்கைப் பாத்தேன், சொருகித்தான் இருந்துச்சு.

அப்புறம் ஓரமா சின்ன எழுத்துல இருந்ததையும் படிச்சேன். இந்த வரி மெனுவுல சேர்ந்த தேதி பிப்ரவரி 11. சேர்த்தவர்ங்கிற இடத்துல உன் பேர்.

பிப்ரவரி. நீ வந்தது மார்ச். இந்த வரியை உன் கையால அடிச்சு வச்சுட்டு, அதுக்கப்புறம் என் வீட்டுக்கு வந்து, என் பாயில உக்காந்து, என் கையால ரெண்டு டம்ளர் டீ வாங்கிக் குடிச்சிருக்கே. மறுநாள் கூடத்துக்கு வந்து பதிமூணு பேரையும் ஒவ்வொருத்தரா வணக்கம் சொல்லி விசாரிச்சே. மடிப்புகிட்ட பொண்ணு எப்படிப் படிக்கிறான்னு கேட்டே. ஸ்க்ரீனைத் தொடப் போன என் கையை எடுத்து வச்சே.

"கத்துக்க வேண்டாம்"னு சொன்னியே. மூணு மாசமா எனக்குப் படிப்பு இல்லைன்னு சொன்னதா நினைச்சு உன்னைத் திட்டிக்கிட்டு இருந்தேன். அது இல்லையா? ஆகஸ்ட்டோட போகப்போறவளுக்கு இது எதுக்குன்னுதான் சொன்னியா?

முன்னாடி நான் நினைச்சதே பரவாயில்லைடா.

முப்பத்தெட்டைத் தட்டினேன். வெளிய வந்துடுச்சு. வழி சொன்னதுக்கு நன்றி.

அக்கா

*

ஜூன் 16

அக்கா,

நான்கு தாள் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

ஆமாம். நீ நினைத்ததுதான். அதைச் சொல்லும்போது எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒரு பட்டியல் அனுப்பும், இந்த இந்த வரிகள் மெனுவில் வேண்டும் என்று. பிப்ரவரியில் வந்த பட்டியலில் அதுவும் ஒன்று. நிர்வாக அதிகாரியும் அவருக்கு மேலே இருப்பவர்களும் மட்டுமே பார்க்க வேண்டும் என்று குறிப்பு. வெளியே சொல்ல மாட்டோம் என்று எங்கள் கம்பெனியில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அடித்து முடித்த பிறகுதான் என்ன அடித்தேன் என்றே உறைத்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். திரும்ப உட்கார்ந்து அதற்கு அடுத்த வரியை அடித்தேன். அது 'வெளியேறு'.

உன் வீட்டுக்கு வந்தது சொல்லத்தான். நம்பாவிட்டாலும் பரவாயில்லை. மாமா கதவைத் திறந்தார், நீ டீ கொண்டுவந்தாய், நான் பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன்.

பதினெட்டாம் தேதி மாற்றம் ஏறிவிடும். அதற்குப் பிறகு உனக்கும் நான்கு வரிதான். மெனுவில் அது இருக்காது, யாரும் பார்க்க முடியாது. கெஞ்சிக் கேட்கிறேன், அதுவரைக்கும் அதற்குப் பிறகும் யாரிடமும் சொல்லிவிடாதே. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் 417-க்கு வருவார்கள். 417-லிருந்து என்னிடம் வருவார்கள். இந்த வேலை போனால் எனக்கு வேறு தெரியாது.

உனக்கு வேறு வேலை நான் பார்க்கிறேன். சத்தியமாகப் பார்க்கிறேன்.

தம்பி

*

ஜூன் 23

தம்பி,

என் வேலையை விடு. உனக்கு ஒரு அதிர்ச்சி வச்சிருக்கேன், நாற்காலியில இருக்கியா? இல்லைன்னா உக்காரு.

சொன்ன மாதிரியே பதினெட்டாம் தேதி என் மெனு நாலு வரியாச்சு. டீசல் போச்சு, பிணவறை போச்சு, எல்லாம் போச்சு. கொஞ்சம் வருத்தமாக்கூட இருந்துச்சு. எலும்பு டாக்டர் திரும்பி வந்துட்டார், அவருக்கு இனி யார் இருக்கா?

ஆனா முன்னாடி அந்த மூடல் பக்கத்தைத் திறந்தேனே, அப்போ ஸ்க்ரீன் உச்சியில நீளமா ஒரு கட்டத்துல ஏதோ ஓடிக்கிட்டு இருந்ததைப் பாத்து வச்சிருந்தேன். கடைசியில 37. நான் அழுக்குத் துணி எழுதற பக்கத்துக்குப் போனா அதே கட்டத்துல கடைசியில 1 இருக்கு. கிழிசலுக்குப் போனா 3. சரி, ஒண்ணை அழிச்சுட்டு முப்பத்தேழு போட்டா என்ன ஆகும்னு போட்டேன்.

திறந்துடுச்சுடா! அதே பக்கம், அதே பதினாலு நம்பர்.

எனக்கு நீ சரியா அழிக்கலையோன்னு சந்தேகம். மடிப்பு டீக்குப் போகும்போது அவ ஸ்க்ரீனை மூடாமப் போயிருந்தா. அதுலயும் போட்டேன். அவ நம்பர்லயும் திறக்குது. அவ மெனுவுல அந்த வரி ஒரு நாளும் இருந்ததே இல்ல, ஆனா திறக்குது. டீசல் 12, அதுவும் திறக்குது. லீவு 20, அதுவும். நான் யாருக்கும் எதுவும் குடுக்கல, பயப்படாதே.

நான் அஞ்சாம் கிளாஸ், எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன், தப்புன்னா திருத்து. இங்க ஒவ்வொரு வார்டு விரிப்போட ஓரத்துலயும் ஒரு கலர் நூல் தைச்சிருக்கும். ஆபரேஷன் தியேட்டருக்குப் பச்சை, குழந்தை வார்டுக்கு மஞ்சள். உன் மெனு அந்த நூலைப் பாத்து, யாருக்கு எந்த அலமாரியைக் காட்டணும்னு முடிவு பண்ணுது. என் மேல எல்லா நூலையும் கட்டிட்டே, அதான் எல்லா அலமாரியும் தெரிஞ்சுச்சு. இதுவரைக்கும் சரியா? இப்போ நீ நூலை அவுத்துட்டே, அலமாரி கண்ணுக்குத் தெரியல. தெரியலையே தவிர, பூட்டலையே! தொத்து நோய் வார்டு துணி வர்ற அறைக்கு முன்னாடி நாங்க திரை போட்டிருக்கோம். அதோட விட்டோமா? திரைக்குப் பின்னாடி கதவு, கதவுல பூட்டு, சாவி சூப்பர்வைசர் இடுப்புல. நீ திரையை மட்டும் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டே. உனக்கு இவ்வளவு படிப்பு எதுக்குடா?

இன்னொண்ணு. நான் யார்கிட்டயும் சொல்லல. கூடத்துல எனக்குப் பேர் என்னன்னு உனக்குத் தெரியும், மைக். அந்த மைக் பதினோரு நாளா வாயைத் திறக்கல. பல்வலின்னு சொல்லி வச்சிருக்கேன். இஸ்திரிக்காரம்மா கிராம்பு குடுத்தாங்க, வாங்கி வாயில போட்டுக்கிட்டு நிக்கிறேன். நேத்து மடிப்பு வந்து பக்கத்துல நின்னு சொல்றா, "பெரிய ஹோட்டல்ல புதுசா சலவைக்கூடம் திறக்கறாங்களாம்டி. மாசக் கடைசி வரைக்கும் ஆள் எடுக்கறாங்க. போகலாமா? நீ என்ன சொல்றே?"ன்னு. என் மூஞ்சியையே பாக்குறா. போடி, இப்பவே ஓடுன்னு கத்தணும் போல இருந்துச்சு. வாயில கிராம்பு. தலையை ஆட்டினேன். போங்கறதுக்கா வேண்டாங்கறதுக்கா, எனக்கே தெரியாத மாதிரி ஆட்டினேன். "சரி, நீ இங்க இருக்கும்போது நான் எதுக்குப் போறேன்"னு சொல்லிட்டு மடிக்கப் போயிட்டா.

உனக்கு வாயை மூடிக்கிட்டு டீ குடிக்க எப்படி வந்துச்சுன்னு கேக்கணும்னு இருந்தேன். இப்போ தெரியுது. வந்துடுது. அதுதான் பயமா இருக்கு.

மாசக் கடைசிக்கு ஏழு நாள் இருக்கு.

அக்கா

*

ஜூன் 28

அக்கா,

உன் கடிதம் இருபத்தாறாம் தேதி காலையில் வந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன். அப்படியெல்லாம் திறக்காது என்று சொல்லிக்கொண்டே ஒரு வார்டு பாயின் நம்பரைப் போட்டு உள்ளே போய், முகவரிக் கட்டத்தில் 37 அடித்தேன்.

திறந்தது.

ஒன்றிலிருந்து முப்பத்தேழு வரை ஒவ்வொன்றாக அடித்தேன். எல்லாம் திறந்தது. அறுநூறு ஊழியர்கள், யார் வேண்டுமானாலும், எதை வேண்டுமானாலும். நான்கு மாதமாக. நான் மெனுவை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றிக் கட்டினேன். மெனுவில் காட்டாததைப் பூட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பக்கம் திறக்கும் இடத்தில் 'நீ யார்' என்று ஒரு முறை கேட்டிருக்க வேண்டும். நாங்கள் இதையெல்லாம் கட்டப் பயன்படுத்தும் ஃப்ரேம்வொர்க்கிலேயே அதற்கு வசதி இருக்கிறது. ஒரே ஒரு வரி. அதைப் போடவில்லை. எங்கள் அலுவலகத்தில் பதினாறு பேர் இதைப் பார்த்தார்கள், சரி என்றார்கள். ஒருவரும் அந்தக் கட்டத்தில் நம்பரை மாற்றிப் பார்க்கவில்லை.

திரை போட்டேன், பூட்டவில்லை. நீ எழுதியதை அப்படியே என் மேலதிகாரியிடம் சொன்னேன். ஆமாம், சொல்லிவிட்டேன். அன்றைக்கு மத்தியானமே. 417 உட்பட எல்லாவற்றையும். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அப்புறம் அவரே ஒரு நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். என் அக்கா என்றேன். "எந்தக் கம்பெனியில இருக்காங்க?" என்றார்.

சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குத் தெரிவித்துவிட்டார்கள். யார் யார் பார்த்தார்கள் என்பதற்குப் பதிவு இல்லை. அதையும் நான் எழுதவில்லை. ஆகவே எல்லாரும் பார்த்திருக்கக்கூடும் என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். இனி மறைத்துப் பயனில்லை, நாளையே கூடத்துக்கு வந்து சொல்லிவிடுவதாக நிர்வாக அதிகாரி சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதம் வருவதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும்.

என்னை மெனு வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. வேலை இருக்கிறது. பக்கம் திறக்காவிட்டால் 'மன்னிக்கவும்' என்று ஒரு பக்கம் வருமே, இப்போது அதை வடிவமைக்கிறேன். நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தையை எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்கும் அதுதான் எழுத வேண்டும். ஆனால் பிப்ரவரியில் எழுதியிருக்க வேண்டும்.

தம்பி

*

ஜூலை 20

டேய் தம்பி,

பதில் போட நாளாச்சு. கோபம் இல்ல, கையில வேலை. கேளு.

ஜூன் 29, நிர்வாக அதிகாரி எங்க கூடத்துக்கு வந்தார். இத்தனை வருஷத்துல முதல் தடவை. ஈரத் தரையில ஷூ வழுக்கி ஒரு கையால துணி வண்டியைப் பிடிச்சுக்கிட்டே காகிதத்தைப் படிச்சார். மூடறோம், ஆகஸ்ட் 31, வருந்துகிறோம். நான் முன்னாடியே மூஞ்சியைத் தயார் பண்ணி வச்சிருந்தேன். எதுவும் தெரியாதவ மாதிரி வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கணும், அவ்வளவுதானே.

எனக்கு முன்னாடி மடிப்பு நெஞ்சுல கை வச்சா. "ஐயோ!"ன்னா. இஸ்திரிக்காரம்மா மேஜையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா உக்காந்தாங்க. கர்ப்பக்காரி வயித்தைப் பிடிச்சா. பதிமூணு பேரும் ஒரே நேரத்துல, ஒரே அளவுல அதிர்ச்சியானாங்க. யாரோ எண்ணி ஒண்ணு ரெண்டு மூணு சொன்ன மாதிரி. அதிகாரி பயந்து போய்த் தண்ணி கொண்டு வரச் சொன்னார். நான் மட்டும் நடிக்க மறந்து, சும்மா இவங்களையே பாத்துக்கிட்டு நின்னேன். "இவங்கதான் ரொம்ப உடைஞ்சு போயிட்டாங்க"ன்னு என்னைக் காட்டிச் சொல்லிட்டுப் போனார்.

அவர் தலை மறைஞ்சதும் இஸ்திரிக்காரம்மா எழுந்து விட்ட இடத்துலேருந்து தேய்க்க ஆரம்பிச்சாங்க.

"என்னடி இது?"ன்னு மடிப்பைக் கேட்டேன்.

"எது?"

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"நீதானே படிச்சே"ன்னா. "டீ நேரத்துல விரிப்புக் குவியலுக்குப் பின்னாடி காலை நீட்டிப் படுத்திருந்தேன். நீ எழுத்துக் கூட்டி, நம்பர் நம்பரா, ஆகஸ்ட் முப்பத்தொண்ணு வரைக்கும் சத்தமா படிச்சே. மெஷினுக்கு மேல கேட்டுச்சு. உன்னை மைக்குன்னு சும்மாவா கூப்பிடறோம்?"

எனக்குப் பேச்சே வரல. உங்க மாமா பக்கத்துல இருந்திருந்தா அதிசயம்னு எழுதி வச்சிருப்பார்.

அன்னைக்கே பதிமூணு பேருக்கும் தெரியுமாம். எனக்கு மட்டும் அவங்களுக்குத் தெரியும்னு தெரியாது. ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "உன் தம்பி பேரையும் சேத்துத்தானே படிச்சே. வெளிய வந்தா அவன் வேலை போகும். வந்தவன் எங்க எல்லாரையும் நின்னு விசாரிச்சுட்டுப் போன புள்ள. உன்கிட்ட சொன்னா நீ ஊருக்கே கேக்கற மாதிரி அழுவே. அதான் வாயை மூடிக்கிட்டோம்"னு இஸ்திரிக்காரம்மா சொன்னாங்க. பதிமூணு பொம்பளைங்கடா. பதினெட்டு நாள். உனக்காக.

அப்புறம் மடிப்பு துணியை மடிச்சுக்கிட்டே, என் மூஞ்சியைப் பாக்காம சொன்னா. "ஹோட்டலைப் பத்தி உன்கிட்ட கேட்டேன்ல. நீ போன்னு சொல்லுவேன்னு நினைச்சேன்டி. ஒரு வாரம் காத்துக்கிட்டு இருந்தேன்." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. எனக்குச் சிரிப்பு வரல. இப்பவும் வரல. இதை உனக்கு மட்டும் எழுதறேன், ஏன்னா இது எப்படி இருக்கும்னு உனக்கு மட்டும்தான் தெரியும். உன்னைத் திட்டறதை நான் நிறுத்தினது அந்த நிமிஷத்துலதான், நீ மன்னிப்புக் கேட்டதால இல்ல.

ஹோட்டலுக்கு எல்லாரும் ஏற்கெனவே போய்ப் பேரு குடுத்துட்டு வந்திருக்காங்க. கர்ப்பக்காரியைப் பிரசவம் முடிஞ்சப்புறம் வரச் சொல்லியிருக்காங்க. இஸ்திரிக்காரம்மாவை மட்டும் எடுக்கல, கால் வீங்கியிருக்குன்னு பாத்துட்டாங்க. அவங்க ஆகஸ்ட் வரைக்கும் ஆஸ்பத்திரியிலதான். அப்புறம் என்னன்னு அவங்களும் சொல்லல, நாங்களும் கேக்கல. அவங்களுக்கு ஏதாவது பாரு. எனக்குப் பாக்கறேன்னு சத்தியம் பண்ணினியே, அதை அவங்களுக்கு மாத்திக்கோ.

நானா? நான் போகவே இல்ல. ஆனா பட்டியல்ல என் பேர் இருந்துச்சு. மடிப்பு எழுதிக் குடுத்திருக்கா, பல்வலி, அதான் வரலைன்னு சொல்லி. இதுக்கு மேல அவளைப் பத்தி எழுதினா எழுத்து அழிஞ்சுடும், பேனா அப்படி.

ஞாயித்துக்கிழமை போன் பண்ணு. எடுப்பேன். பேசறேன்னு சொல்லல. பக்கத்து வீட்டு நாயைப் பத்தி மட்டும் பேசினா வச்சுடுவேன்.

நேத்து ஹோட்டல்ல முதல் நாள். என் நம்பர் 22. இங்கயும் ஸ்க்ரீன் இருக்கு, வேற கம்பெனி பண்ணினது. திறந்ததும் முதல் வேலையா உச்சியில இருக்குற கட்டத்துல நம்பரை மாத்திப் பாத்தேன். "உங்களுக்கு அனுமதி இல்லை"ன்னு வந்துச்சு. மனசு நிறைஞ்சு போச்சு. பாத்துக் கத்துக்கோ. மெனுவுல அஞ்சே வரி, அஞ்சாவது வெளியேறு. சாயங்காலம் வேலை முடிஞ்சதும் எல்லாரும் பாக்கற மாதிரி ஒரு விரலால அதைத் தட்டினேன். அழகா வெளிய வந்துச்சு. மடிப்பு கை தட்டினா.

அப்போ என் இன்னொரு கை பழக்கத்துல சுவத்துக்குப் போயிருந்துச்சு. மெஷின் நின்னு போச்சு. உள்ள அறுபது துண்டு. புது சூப்பர்வைசர் வந்து என்ன ஆச்சுன்னு கேட்டார். எலின்னு சொன்னேன். கட்டடம் திறந்தே ஒன்பது நாள்தான் ஆகுது, இங்க எலி கிடையாதுன்னார். நான் பாத்தேன்னு சொல்லியிருக்கேன்.

அக்கா